ஒன்பதா, பத்தா? இந்திரலால் ராயின் 1918 ஜூலைக் கணக்கு

1918 செப்டம்பர் 21 தேதியிட்ட லண்டன் கெஸட்டில் (பிரிட்டிஷ் அரசிதழ்) டி.எஃப்.சி. என்ற வான்படை வீர விருது பெற்றவர்களின் பட்டியல் ஒன்று வந்தது. அதில் ஒரு பெயர், லெப்டினன்ட் இந்திரலால் ராய். கல்கத்தாக்காரர், பிரிட்டிஷ் படையின் விமானி, வயது 19. பதின்மூன்று நாளில் எதிரியின் ஒன்பது விமானங்களுக்குக் கணக்கு முடித்தவர், ஒரே ரோந்தில் இரண்டை வீழ்த்தியதும் ஒரு தடவைக்கு மேல் உண்டு என்கிறது விருதுக் குறிப்பு. அச்சில் வந்தபோது அவர் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இன்று முதல் உலகப் போர் ஏஸ்களின் (ஐந்தோ அதற்கு மேலோ விமானம் வீழ்த்தியவர்களின்) பட்டியல் எதை எடுத்தாலும் அவர் பெயருக்கு நேரே 10 என்றுதான் இருக்கிறது. அதில் இரண்டு, மற்றவர்களுடன் பங்கிட்டவை. நம் பத்திரிகைகள் கெஸட்டின் நாளையும் பட்டியலின் எண்ணையும் ஒட்டவைத்து "13 நாளில் 10 விமானம்" என்று எழுதிவிடும். கெஸட்டில் 9, பட்டியலில் 10 என்றால் ஒரு விமானம் எங்கிருந்து வந்தது?

தேதிவாரியாகக் கூட்டிப் பார்த்தால் விடை கிடைக்கிறது. (ஹனோவர், ஃபோக்கர், ஃபால்ஸ், டி.எஃப்.டபிள்யூ. எல்லாம் ஜெர்மானிய விமான இனங்கள்.) ஜூலை 6, ட்ரோகூர் ஊருக்கு மேலே ஒரு ஹனோவர்: கூட்டுத்தொகை 1. ஜூலை 8, நாலு மணி நேரத்துக்குள் மூன்று, அதாவது இரண்டு ஹனோவரும் ஒரு ஃபோக்கர் டி.7-உம்: மொத்தம் 4. ஜூலை 13, ஒரு ஹனோவர், ஒரு ஃபால்ஸ் டி.3: மொத்தம் 6. ஜூலை 15, இரண்டு ஃபோக்கர் டி.7: மொத்தம் 8. ஜூலை 18, ஒரு டி.எஃப்.டபிள்யூ. சி.5: மொத்தம் 9. ஜூலை 19, கான்யிகூருக்கு மேலே இன்னொரு ஹனோவர்: மொத்தம் 10.

6-ஆம் தேதியையும் 18-ஆம் தேதியையும் சேர்த்து எண்ணினால் சரியாகப் பதின்மூன்று நாள். அன்று மாலைவரை கணக்கு ஒன்பது. பத்தாவது விழுந்தது பதினான்காம் நாள். ஆக கெஸட்டின் இரண்டு எண்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, பட்டியலின் பத்தும் சரியே. ஒன்றின் நாளையும் மற்றதன் எண்ணையும் கலப்பதில்தான் பிழை. விருதுப் பரிந்துரை 18-ஆம் தேதி வரையிலான அறிக்கைகளை வைத்துத் தயாரானது என்பது தேதிகளிலிருந்து நாம் செய்யும் கணிப்பு. இதைவிட எளிய விளக்கம் தெரியவில்லை.

இது மேல்தோல் மட்டுமே. உள்ளே இருக்கும் கேள்வி வேறு: 1918-இல் ஒரு பிரிட்டிஷ் விமானியின் பெயரில் "ஒன்று" என்று ஏறினால், தரையில் என்ன நடந்திருக்கிறது?

ஜூலைக்கு முன்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1898 டிசம்பர் 2-இல் பிறப்பு. படிப்பு லண்டன் ஹாமர்ஸ்மித்தில் செயின்ட் பால்ஸ் பள்ளியில். ராயல் ஃபிளையிங் கோர் (பிரிட்டிஷ் ராணுவத்தின் அன்றைய விமானப் பிரிவு) முதலில் கண்பார்வை போதாது என்று திருப்பி அனுப்பியது. தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெயர்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் மறுபரிசோதனை செய்துகொண்டு முடிவை மாற்றவைத்தார். 1917 ஜூலையில் செகண்ட் லெப்டினன்ட். அக்டோபர் கடைசியில் பிரான்சில் 56-வது ஸ்குவாட்ரன் என்ற விமானப் படைப்பிரிவு. டிசம்பர் 6-இல் எஸ்.இ.5ஏ என்ற பிரிட்டிஷ் ஒற்றை இருக்கைச் சண்டை விமானத்தோடு தரையில் மோதிப் படுகாயம். பிணவறைவரை கொண்டுபோனார்கள், உள்ளிருந்து கதவைத் தட்டினார் என்ற கதை அவரைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் வரும். நம் கணக்குக்கு அது உதவாது.

உதவுவது அடுத்த ஆறு மாதம். பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவக் குழு சொல்லிவிட்டது. அந்த நாட்களில் அவர் விமானங்களைப் பென்சிலால் வரைந்துகொண்டே இருந்தார். அந்த ஓவியங்கள் பல இன்றும் இருக்கின்றன. இறக்கைக்கும் வாலுக்கும் உள்ள விகிதம், தாங்குகம்பிகள் நிற்கும் கோணம் எல்லாம் கையில் ஊறிய ஒருவருக்கு, மூன்று கிலோமீட்டர் தள்ளிப் புள்ளியாகத் தெரியும் விமானத்தின் இனத்தைக் கண்டுகொள்வது சுலபம். வான்சண்டையில் முதலில் பார்த்தவனுக்குத்தான் பாதி வெற்றி. பார்த்தது இரட்டை இருக்கையா ஒற்றை இருக்கையா என்று தெரிந்தவனுக்கு மீதிப் பாதியில் கொஞ்சம்.

1918 ஜூன் 19-இல் 40-வது ஸ்குவாட்ரனுக்கு வந்தார். லான்ஸ் சுரங்கப் பகுதிக்கு மேற்கே ப்ருவே தளம். ஸ்குவாட்ரனின் தளபதி, ஆஸ்திரேலிய ஏஸ் ரோடரிக் டாலஸ் அதே மாதம் 1-ஆம் தேதிதான் கொல்லப்பட்டிருந்தார். ராய் சேர்ந்த பிரிவின் தலைவர் அயர்லாந்துக்காரர் ஜார்ஜ் மெக்கெல்ராய், கடைசியில் 47 வரை போனவர். 56-இல் ஐந்து வாரம் இருந்தும் ஒன்றும் வீழ்த்தாத ராய், இங்கே வந்த ஒரே மாதத்தில் பத்து எடுத்தார் என்றால் பிரிவுத் தலைவரின் பங்கை விட்டுவிட்டுப் பேச முடியாது. எந்தக் கூட்டத்தைத் தாக்குவது, எதை விடுவது, எப்போது வீடு திரும்புவது என்று முடிவெடுப்பவர் அவர்தான்.

பத்தில் ஆறு இரட்டை இருக்கை

பட்டியலை இன வாரியாகப் பிரியுங்கள். ஹனோவர் ஐந்து, டி.எஃப்.டபிள்யூ. ஒன்று, ஃபோக்கர் டி.7 மூன்று, ஃபால்ஸ் ஒன்று. அதாவது ஆறு இரட்டை இருக்கை, நாலு ஒற்றை இருக்கைச் சண்டை விமானம்.

"ஆறு விமானம் மெதுவான இரைதானே" என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. தவறு. போர்முனையில் பீரங்கிக்குக் கண்ணாக இருப்பதும், படம் எடுப்பதும், அகழிமேல் தாழப் பறந்து சுடுவதும் இரட்டை இருக்கைகள்தான். அவற்றை வீழ்த்துவதே சண்டை விமானத்தின் வேலை. ஒற்றை இருக்கைகள் ஒன்றையொன்று சுடுவது அந்த வேலையைச் செய்யவிடாமல் தடுக்கத்தான்.

தவிர, ஹனோவர் மெதுவான இரையும் அல்ல. தூரத்திலிருந்து பார்த்தால் ஒற்றை இருக்கை போலத் தோன்றும் அளவுக்குச் சிறியது. மற்ற விமானங்களுக்கு வாலில் ஒரே கிடைமட்டப் பலகை. ஹனோவருக்கு மேலும் கீழுமாக இரண்டு. இரண்டாக்கியதால் ஒவ்வொன்றின் அகலமும் குறைந்தது. அகலம் குறைந்ததால், பின்னிருக்கைத் துப்பாக்கிக்காரர் தன் வாலையே சுட்டுவிடாமல் பக்கவாட்டிலும் பின்கீழாகவும் சுடக்கூடிய வெளி கூடியது. அந்த வாலை அடையாளம் கண்டவுடன் விமானி தன் அணுகுமுறையை மாற்றியாக வேண்டும். சிறிய ஒற்றை இருக்கை என்று நினைத்து நேர் பின்னால் சாவகாசமாகப் போனவனுக்குப் பின்னிருக்கைப் பாராபெல்லம் துப்பாக்கி பதில் சொல்லும்.

முறை இதுதான். மேலே இருந்து பார்த்ததும் நேராகப் பாயக்கூடாது. சூரியன் முதுகுப்பக்கம் வரும்படி சுற்றி வந்து, எதிரியின் பின்பக்கம் நன்றாகத் தள்ளி, அவன் உயரத்துக்கும் கீழே இறங்கிவிட வேண்டும். இறங்கிய வேகத்தை விடாமல் வைத்துக்கொண்டு, அவன் வால் துப்பாக்கிக்காரரை மறைக்கும் கோட்டிலேயே கீழிருந்து மேலாக நெருங்க வேண்டும். 100 மீட்டருக்குள் வந்தபின் ஒரு குறுஞ்சரம், அதாவது சில தோட்டாக்கள் மட்டும். அவன் திரும்பினால் துப்பாக்கிக்காரருக்கு வெளி திறக்கும். அந்தக் கணம் அங்கே இருக்கக்கூடாது. கீழே விலகி, மறுபடி அதே மறைவுக்கு வர வேண்டும். பின்னாலேயே ஒட்டிக்கொண்டு தொடர்ந்து சுடுவதுதான் புதிதாக வந்தவர்கள் செய்யும் தவறு.

ஏன் 100 மீட்டர்? கணக்கைப் பாருங்கள். .303 தோட்டா விநாடிக்குச் சுமார் 740 மீட்டர் போகும். மணிக்கு 160 கிலோமீட்டரில் குறுக்கே பறக்கும் விமானம் விநாடிக்கு 44 மீட்டர் நகரும். 100 மீட்டரில் தோட்டா போய்ச்சேர ஏழில் ஒரு விநாடி. அதற்குள் எதிரி நகர்வது 6 மீட்டர், ஏறத்தாழ அவன் உடல்நீளம். மூக்குக்குக் கொஞ்சம் முன்னால் குறி வைத்தால் எங்காவது படும். 300 மீட்டரில் தோட்டாவின் வேகமும் குறைந்துவிடுவதால் 20 மீட்டருக்கு மேல் முன்னால் சுட வேண்டும். அந்தத் தூரத்தில் 20 மீட்டரைக் கண்ணால் அளக்க யாராலும் முடியாது. நேர் பின்னாலிருந்தோ நேர் கீழிருந்தோ அணுகினால் இந்த முன்குறித் தொல்லையே பெரும்பாலும் இல்லை. இரட்டை இருக்கையின் குருட்டு மூலையைத் தேடிப் போவதில் இரண்டு லாபம்: அவன் சுட முடியாது, நாம் கணக்குப் போட வேண்டாம்.

எஸ்.இ.5ஏ: இரண்டு துப்பாக்கி, இரண்டு தலைவலி

40-வது ஸ்குவாட்ரனின் எஸ்.இ.5ஏ-யில் ஆயுதம் இரண்டு. உடற்பகுதியின் மேல் இடதுபக்கம் விக்கர்ஸ், 400 தோட்டாக்கள் கொண்ட பட்டை. இது புரொப்பல்லர் வழியாகச் சுடும். மேல் இறக்கையின் நடுவில் லூயிஸ், 97 தோட்டாக்கள் கொண்ட டிரம். இது புரொப்பல்லருக்கு மேலாகவே சுட்டுவிடும். விமானியறையில் உபரி டிரம்கள் சில.

புரொப்பல்லர் பிளேடைத் தொடாமல் சுடவைப்பது கான்ஸ்டான்டினெஸ்கோ அமைப்பு. கம்பி, நெம்புகோல் எதுவும் இல்லை. எஞ்சின் சுழற்சியோடு இணைந்த ஒரு பம்ப், குழாயில் அடைத்த எண்ணெய் வழியாகத் துடிப்பு அனுப்பும், அந்தத் துடிப்பு துப்பாக்கியின் விசையைத் தட்டும். நெம்புகோல் முறையைவிட வேகமானது, எந்த எஞ்சினுக்கும் பொருந்துவது. ஆனால் குழாயில் அழுத்தம் இருக்க வேண்டும். விமானி சண்டைக்கு முன் கைப்பிடியை இழுத்து அழுத்தம் ஏற்றிக்கொள்வார். இணைப்பில் கசிவு இருந்தாலோ, எண்ணெயில் காற்றுக் குமிழி புகுந்தாலோ துடிப்பு மழுங்கும். விக்கர்ஸ் விட்டுவிட்டுச் சுடும், அல்லது நின்றுபோகும்.

அழுத்தம் சரியாக இருந்தாலும் விக்கர்ஸ் அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் உள்ள கைப்பிடி எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்தால், தோட்டா முழுதாக நுழையவில்லையா, வெற்றுக்கூடு வெளிவரவில்லையா, பட்டை சிக்கியதா என்று தெரிந்துவிடும். சிலதைக் கைப்பிடியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிச் சரிசெய்யலாம். அதற்கென்றே சிறு சுத்தியல் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. தடிமன் கொஞ்சம் மிகுந்த தோட்டா ஒன்று பட்டையில் கலந்திருந்தால் சுத்தியலும் உதவாது. 56-இன் பெரிய பெயரான ஜேம்ஸ் மெக்கடன் துப்பாக்கியையும் தோட்டாவையும் தானே சரிபார்த்தது வெறும் பழக்கமல்ல. 4,000 மீட்டர் உயரத்தின் குளிரில் கெட்டியாகும் எண்ணெய் வேறு.

லூயிஸில் சிக்கல் வேறுவிதம். 97 தோட்டா பத்து விநாடிக்குள் தீரும். தீர்ந்ததும், துப்பாக்கியை வளைந்த ஃபாஸ்டர் தண்டவாளத்தில் பின்னோக்கி இழுத்து, முகத்துக்கு மேலே வந்து நிற்கும் அதிலிருந்து காலி டிரம்மைக் கழற்றி, புதியதைப் பொருத்தி, மறுபடி மேலே தள்ள வேண்டும். தோட்டாவின் எடை மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல். டிரம்மும் சேர்ந்தால் கூடுதல். தட்டையான டிரம்மைக் காற்று பாய்மரம் போலப் பிடித்துத் தள்ளும். ஒரு கை இதில். மற்றது கட்டுப்பாட்டுக் கோலில், அல்லது முழங்கால்களுக்கு இடையே கோல். கம்பளிக் கையுறை. இது எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போது நடக்க வேண்டும்.

டிரம் விவகாரத்தில் ஒரு பழைய கதை: 1915 மே 10-இல் லூயிஸ் ஸ்ட்ரேஞ்ச் என்ற விமானி, கழற மறுத்த டிரம்மோடு மல்லுக்கட்டி இருக்கையிலிருந்து எழுந்தபோது விமானம் தலைகீழாகிவிட்டது. எந்த டிரம் கழறக்கூடாதா என்று சபித்தாரோ அதையே பிடித்துக்கொண்டு அந்தரத்தில் தொங்கினார், கழறிவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு. பிழைத்தார். அவருடைய தம்பி கில்பர்ட் ஸ்ட்ரேஞ்ச் 1918 கோடையில் ராய் இருந்த அதே 40-வது ஸ்குவாட்ரனில் பறந்தவர்.

இதே தண்டவாளத்துக்கு ஒரு பயனும் உண்டு. லூயிஸைப் பாதி இறக்கி நிறுத்தினால் அது மேல்நோக்கிச் சுடும். இரட்டை இருக்கைக்கு நேர் அடியில் சமவேகத்தில் பறந்துகொண்டே அதன் வயிற்றைச் சுடலாம். எஸ்.இ.5ஏ ஆடாமல் நிற்கும் விமானம் என்பதால் இது முடிந்தது. சட்டென்று திரும்புவதில் கேமல் என்ற இன்னொரு பிரிட்டிஷ் சண்டை விமானம் அதைவிட மேல். பாய்வதிலும் உறுதியிலும் எஸ்.இ.5ஏ மேல். வட்டமடித்துச் சண்டை போடாதே, பாய்ந்து சுட்டு மேலேறு என்பதே இந்த விமானத்தோடு வந்த பாடம்.

ஒரு தாள், மூன்று கட்டம்

இறங்கியதும் விமானி நிரப்ப வேண்டியது வான்சண்டை அறிக்கைப் படிவம். ஸ்குவாட்ரன், விமான எண், ஆயுதம், தேதி, நேரம், இடம், உயரம், என்ன பணியில் போனது. பிறகு நடந்ததன் விவரிப்பு. மூலையில் முடிவுக்கு மூன்று கட்டங்கள்: அழிந்தது, கட்டுப்பாடிழந்து விழுந்தது, கீழே விரட்டப்பட்டது. தாள் ஸ்குவாட்ரன் தளபதியிடமிருந்து மேலதிகாரிகளுக்குப் போகும். 1918-இல் கணக்கில் ஏறியது முதல் இரண்டும்தான்.

அழிந்தது என்றால் தரையில் மோதியதை யாராவது பார்த்திருக்க வேண்டும், அல்லது தீப்பிடித்து, உடைந்து சிதறி விழுந்திருக்க வேண்டும். உடன்பறந்த விமானி, விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்கள், பலூனில் தொங்கும் கண்காணிப்பாளர் என்று சாட்சி தேடுவார்கள். நடுவில் உள்ள கட்டம்தான் எல்லாத் தகராறுக்கும் ஊற்று. சுழன்றுகொண்டே விழும் விமானம் செத்த விமானமாகவும் இருக்கலாம். சாவிலிருந்து தப்பும் விமானமாகவும் இருக்கலாம். கெட்டிக்கார ஜெர்மானிய விமானி முதல் தோட்டா பட்டதும் வேண்டுமென்றே சுழலவிட்டு 2,000 மீட்டர் இறங்கி, மரங்களுக்கு மேலே நிமிர்த்திக்கொண்டு வீடு போவான். மேலே இருப்பவர் அவனைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பார்த்துக்கொண்டிருந்தால், வேறொருவன் இவர் முதுகில் வந்துவிடுவான்.

நேர்மை இருந்தாலும் எண் ஏன் வீங்குகிறது என்பதற்கு இதுவே முதல் காரணம். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நாலாயிரம் மீட்டரில் ஒருவன் தலைகீழாகப் போனான், மறுபடி தெரியவில்லை. அவ்வளவுதான் விமானிக்குத் தெரியும்.

இரண்டாவது காரணம் காற்று. அந்தப் போர்முனையில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கு. பிரிட்டிஷ் கொள்கை எப்போதும் எதிரி நிலத்துக்கு மேலே போய்ச் சண்டை போடுவது. ஆக விழுந்தவை பெரும்பாலும் ஜெர்மானியர் பக்கமே விழுந்தன. போய்ப் பார்த்து எண்தகட்டை எடுத்துவர வழியில்லை. எதிர்பக்கம் நிலைமை தலைகீழ்: ஜெர்மானியர் தங்கள் நிலத்திலேயே சண்டை போட்டார்கள், சிதைவைக் காட்டினார்கள், கணக்கில் கட்டுப்பாடிழந்தது என்ற வகையையே வைத்துக்கொள்ளவில்லை. ஜெர்மானிய ஏஸின் 20-ஐயும் பிரிட்டிஷ் ஏஸின் 20-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அதே காற்று திரும்பும்போதும் கணக்குக் கேட்கும். மணிக்கு 190 கிலோமீட்டர் வேக விமானம், 50 கிலோமீட்டர் காற்று என்று வையுங்கள். 20 கிலோமீட்டர் உள்ளே போக 5 நிமிடம். திரும்ப எட்டரை நிமிடத்துக்கு மேல். சண்டை நடந்த பத்து நிமிடமும் காற்று கிழக்கே தள்ளியிருக்கும், அது தனி.

மூன்றாவது, பங்கு. ஒரே விமானத்தை இருவர் மூவர் சேர்ந்து சுட்டால், ஏஸ் கணக்குப் போடும்போது ஒவ்வொருவர் பெயரிலும் முழுதாக ஒன்று ஏறும். ராயின் பத்தில் இரண்டு இப்படிப்பட்டவை. அவற்றை அவர் பெயரிலும் கூட்டாளி பெயரிலும் எண்ணிவிட்டு, பிறகு 40-வது ஸ்குவாட்ரன் வீரர்கள் எல்லோருடைய எண்ணையும் கூட்டி "இவ்வளவு ஜெர்மானிய விமானம்" என்றால் ஒரே சடலத்தை இரண்டு முறை புதைத்ததாகிவிடும். தனிப்பட்ட எண்களைக் கூட்டி எதிரியின் இழப்பைக் கண்டுபிடிக்கவே கூடாது. ஸ்குவாட்ரன் நாட்குறிப்பிலிருந்து எடுக்க வேண்டும்.

நாலாவதாக ஒன்று இருக்கிறது, அதைச் சரிசெய்யவே முடியாது. பிரிட்டிஷ் அறிக்கையின் தேதி, நேரம், இடத்தை ஜெர்மானிய இழப்புப் பதிவோடு வரிக்கு வரி வைத்துப் பார்ப்பதுதான் முறையான சோதனை. ஆனால் பிரஷ்ய ராணுவ ஆவணங்களின் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் பாட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோனது. ஒற்றை இருக்கைப் பிரிவுகளைப் பற்றி வேறு வழிகளில் ஓரளவு கிடைக்கிறது. ஹனோவர் போன்ற இரட்டை இருக்கைப் பிரிவுகளுக்குக் கிடைப்பது துண்டு துணுக்கு. ராயின் கணக்கில் அதிகம் இருப்பதோ அவைதான்.

ஆனாலும் ஒரு விஷயம் அவர் பக்கம் நிற்கிறது. ஹனோவர்கள் தரைப்படைக்கு ஆதரவாகப் பெரும்பாலும் தாழப் பறப்பவை. 1,000 மீட்டருக்குக் கீழே அடிபட்டுச் சுழலும் விமானத்துக்கு நிமிர்ந்துகொள்ள இடம் குறைவு. அது மோதுவதைப் பார்க்க மேலிருப்பவருக்கும் அகழியில் இருப்பவருக்கும் வாய்ப்பு அதிகம். நாலாயிரம் மீட்டரில் டி.7 ஒன்று சுழன்று மேகத்துக்குள் போனதைவிட இந்த வகை வெற்றிக்கு நம்பகம் கூடுதல் என்பது என் கணிப்பு. இன்னொன்று, இரட்டை வாலை நெருங்கிப் பார்த்தவர் ஹனோவர் என்று எழுதினால் அது ஹனோவராகத்தான் இருக்கும். ஒற்றை இருக்கைகளின் இனப்பெயரில் நடக்கும் குழப்பம் இதில் குறைவு.

ஜூலை 22

பத்தாவது வெற்றிக்கு மூன்றாம் நாள். கார்வினுக்கு மேலே ஜெர்மனியின் 29-வது யாக்ட்ஸ்டாஃபலின் (சண்டை விமானப் பிரிவு) ஃபோக்கர் டி.7-களோடு மோதல். கார்வின் லான்ஸுக்கு வடகிழக்கே, எதிரி நிலத்துக்குள். ப்ருவேயிலிருந்து நேர்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர். ராயின் எஸ்.இ.5ஏ தீப்பிடித்து விழுந்தது.

டி.7 என்னவென்று தெரிந்தால் இந்த வரி புரியும். தடித்த இறக்கை, அதனால் வேகம் குறைந்தாலும் சட்டென்று விழாது. மூக்கைச் செங்குத்தாகத் தூக்கிவைத்து, புரொப்பல்லரில் தொங்குவதுபோல் நின்றுகொண்டு மேலே சுடும். எஸ்.இ.5ஏ-யின் முழுப் பாடமும் பாய்ந்து சுட்டு மேலேறுவது. மேலேறும்போது வயிற்றைக் காட்டுவோம். பழைய ஃபால்ஸாக இருந்தால் அந்நேரம் அது கீழே நழுவிக்கொண்டிருக்கும்; டி.7 நின்று நிதானமாக அந்த வயிற்றைச் சுடும். பி.எம்.டபிள்யூ. எஞ்சின் வைத்த டி.7 உயரத்தில் வலுவும் இழக்காது. போர்நிறுத்த ஒப்பந்தத்தில் ஒப்படைக்க வேண்டிய விமானங்களில் பெயர் சொல்லிக் கேட்கப்பட்டது இதுதான்.

எஸ்.இ.5ஏ-யின் பெட்ரோல் தொட்டி எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவே இருந்தது. தொட்டியில் தோட்டா பாய்ந்து தீப்பிடித்தால், விமானம் முன்னோக்கிப் போவதால் தீ நேரே விமானியின் மேல்தான் வரும். பக்கவாட்டில் சறுக்கவிட்டுத் தீயை ஒரு பக்கமாக ஒதுக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தார்கள்; உயரம் இருந்தால், நேரம் இருந்தால். 1918 கோடையில் ஜெர்மானிய விமானிகள் பலரிடம் பாராசூட் வந்துவிட்டது. பிரிட்டிஷ் விமானிகளுக்குக் கொடுக்கப்படவில்லை.

அந்த மாதத்தின் மற்ற தேதிகளையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஜூலை 9, மெக்கடன்: புறப்பட்ட சற்று நேரத்தில் விபத்து. ஜூலை 26, முன்பு 40-வது ஸ்குவாட்ரனில் இருந்த மிக் மேனக்: தான் வீழ்த்தியதைத் தொடர்ந்து தாழப் போனபோது தரையிலிருந்து வந்த தோட்டா. விழுந்ததைப் பின்தொடர்ந்து கீழே போகாதே என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தவர் அவர். ஜூலை 31, மெக்கெல்ராய்: அவரும் தரைச் சூட்டில்தான். சாட்சிக்காக விழுவதைக் கடைசிவரை பார்க்க வேண்டும் என்ற நெருக்கடியும், பார்க்கப் போனால் சாவு என்ற எச்சரிக்கையும் ஒரே படிவத்தின் இரண்டு பக்கம்.

வரியை எப்படி எழுதுவது

ராயைப் பற்றி எழுதுபவர்களுக்கு: "1918 ஜூலை 6 முதல் 19 வரை பத்து வான்வெற்றிகள் அவர் பெயரில் ஏற்கப்பட்டன, இரண்டு பங்கு" என்று எழுதினால் பிழையில்லை. "பதின்மூன்று நாளில் ஒன்பது" என்றும் எழுதலாம், கெஸட் சொல்வது அதுதான் என்று குறிப்பிட்டு. "பத்து ஜெர்மானிய விமானங்களை அழித்தார்" என்று எழுதக்கூடாது. படிவத்தின் முதல் கட்டத்தையும் இரண்டாம் கட்டத்தையும் ஒன்றாக்கிவிடும் வாக்கியம் அது. "இந்திய விமானப்படையின் முதல் ஏஸ்" என்பதும் வேண்டாம். இந்திய விமானப்படை பிறந்தது 1932-இல். அவர் சேர்ந்தது ராயல் ஃபிளையிங் கோர். 1918 ஏப்ரலில் அது ராயல் ஏர் ஃபோர்ஸாக உருமாறியது, இறந்தது அதில். முதல் உலகப் போரின் ஏஸ்களில் ஒரே இந்தியர், டி.எஃப்.சி. பெற்ற முதல் இந்தியர் என்றால் போதும்.

கார்வினை அடுத்த எஸ்தெவெல் ஊரின் இடுகாட்டில் அவர் கல்லறை இருக்கிறது. கல்லில் பிரெஞ்சோடு வங்காளமும் பொறித்திருக்கிறார்கள்: மாவீரனின் சமாதி, மரியாதை காட்டு, தொடாதே. எண் எதுவும் இல்லை.